ஐந்தாம் தரப் பிள்ளைகளின் பாடவேளைகள் பற்றி எமது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்தின் தலைவராகிய அதிபர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

கடந்த மாதக் கூட்டத்தில் நீங்கள் மூன்று தீர்மானங்களை நிறைவேற்றினீர்கள். அடுத்த தவணை முதல் நான்காம், ஐந்தாம் தரங்களின் சித்திரம், சங்கீதம், நடனம், நூலகம் ஆகிய பாடவேளைகள் எல்லாவற்றிலும் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள் செய்விக்க வேண்டும். மூன்று வகுப்புப் பிரிவுகளும் வெளியே வாங்கிய ஒரே வினாத்தாள் கட்டை ஒரே நாளில் ஒரே பக்கத்தில் செய்ய வேண்டும். நாங்கள் செயற்பாட்டு அறையாகப் பாவித்து வந்த பழைய களஞ்சிய அறையை மேலதிக வகுப்புக்கு ஒப்படைக்க வேண்டும்.

மூன்றையும் நான் எழுந்து நின்று எதிர்த்தேன். கூட்ட அறிக்கையிலோ “ஏகமனதாக நிறைவேறியது” என்று இருக்கிறது. என் சொல் அறிக்கையில் இடம்பெறாததால் அதைப் பெற்றோர் எல்லோரும் வாசிக்கக்கூடிய இடத்தில் வைக்கிறேன். பிள்ளைகளின் பேரில் எந்த அடையாளமும் விழக்கூடாது என்பதற்காகப் பாடசாலையின் பெயரை எழுதவில்லை. நான் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

அறிக்கை கைக்குக் கிடைக்கும் முன்பே அறை காலியாகிவிட்டது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் போனபோது கதவில் புதிய பூட்டு. உள்ளே இருந்தவை விறாந்தையில் குவிந்து கிடந்தன. சிரட்டைகள், பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டுகள், போத்தல் வெட்டிச் செய்த நீர் வடிகட்டிகள், பிள்ளைகள் எழுதிக் கட்டிய முப்பத்தொரு சிறு புத்தகங்கள். சுவரின் ஒரு மூலையிலிருந்து ஜன்னல் வரை ஆறாக ஓடிய நீலச் சேலை, வாளிக்குப் பக்கத்தில் ஈரமாகக் கிடந்தது. அதைக் கொண்டு நிலம் துடைத்திருந்தார்கள்.

துடைத்த அம்மாவில் பிழையில்லை. “குப்பையை எடுத்துப் போடுங்கள்” என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அது குப்பையில்லை என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியது என் பொறுப்பு. அந்தச் சேலையின் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில் நீர் என்று ஒரு கருப்பொருள் வருகிறது. மாதிரி வினாத்தாளில் அது நான்கைந்து வினாக்களாகச் சுருங்கிவிடும்: நீரின் பயன் எது, நீரை மாசாக்குவது எது, பொருந்தாததைத் தெரிவு செய்க. எங்கள் பிள்ளைகளுக்கு இவற்றுக்கெல்லாம் விடை தெரியும். தோட்டம் என்று நாங்கள் சொல்லும் நெருக்கமான நகரக் குடியிருப்புகளில், தோட்டத்துக்கு ஒரு பொதுக் குழாய் என்று இருக்கும் இடங்களிலிருந்து வருகிறவர்கள் அவர்கள். விடியற்காலையில் வாளியோடு வரிசையில் நின்றுவிட்டுப் பாடசாலைக்கு ஓடி வருகிற பிள்ளைக்கு நீரின் பயனை நான் என்ன சொல்லிக் கொடுப்பது?

ஆகவே வேறொரு கேள்வியைக் கேட்டேன். “உங்க குழாய்க்குத் தண்ணி எங்கேருந்து வருது?” குழாயிலிருந்து என்றார்கள். குழாய்க்கு? தாங்கியிலிருந்து. தாங்கிக்கு? வகுப்பு அமைதியானது. கொழும்பின் குழாய்நீரில் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து அம்பத்தளையில் எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது என்று சொன்னேன். “காக்கைதீவுல கடல்ல விழுதே, அந்த ஆறா?” என்று பலர் ஒரே குரலில் கேட்டார்கள். மட்டக்குளிப் பிள்ளைகள் அங்கே பட்டம் விடப் போகிறவர்கள். அந்த மண்ணிற ஆற்றையா குடிக்கிறோம் என்ற அருவருப்பும் ஆச்சரியமும் அவர்கள் முகத்தில் தெரிந்தன. ஒரு பாடத்துக்கு அதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

மறுநாள் போத்தல்களை வெட்டி, பஞ்சு, கரி, மணல், சிறுகல் என்று அடுக்கி வடிகட்டி செய்தோம். கலங்கல் தண்ணீர் மேலே ஊற்ற, கீழே தெளிந்து சொட்டியது. ஒரு பையன் குடிக்கப் போனான். தடுத்தேன். தெளிந்த தண்ணீர் வேறு, சுத்தமான தண்ணீர் வேறு என்ற பாடம் அந்த நிமிடத்தில் நடந்தது. கண்ணுக்குத் தெரியாத கிருமி, கொதிக்கவைத்தல், குளோரீன் எல்லாம் அந்த ஒரு தடுப்பிலிருந்து வந்தன.

பிறகு ஆறு எங்கே தொடங்குகிறது என்று வரைபடத்தில் மேல்நோக்கிப் போனோம். 145 கிலோமீற்றர். மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடித்தான் களனி கங்கை ஆகிறது என்று நான் வாசித்தபோது, பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்தாள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. “டீச்சர், எங்க அம்மாச்சி மஸ்கெலியாவுல இருக்கு. அப்ப அம்மாச்சி வீட்டுத் தண்ணியா எங்களுக்கு வருது?”

அந்தக் கேள்வியை நான் எந்தப் பாடக்குறிப்பிலும் எழுதி வைத்திருக்கவில்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வேர் மலையகத்தில் இருக்கிறது. பாட்டன் பாட்டி அங்கே, இவர்கள் இங்கே. அந்த மலைக்கும் இந்த முடுக்குக்கும் நடுவில் ஒரு ஆறு ஓடிக்கொண்டேயிருக்கிறது என்பது அன்று முதல்முறையாக அவர்களுக்குத் தெரிந்தது. அன்றைய தமிழ்ப் பாடவேளையில் அம்மாச்சிக்குக் கடிதம் எழுதினார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு பதில் வந்தது. அம்மாச்சி சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருந்தார்கள். மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்கு அடியில் போனது, கடும் வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயில் வெளியே தெரியும், சின்ன வயதில் அந்தக் கோயிலில்தான் சாமி கும்பிட்டேன் என்று எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தை வகுப்பு எத்தனை தடவை சத்தமாக வாசித்தது என்று கணக்கில்லை. வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைகள்கூட “நான், நான்” என்று கை நீட்டி வாங்கி வாசித்தார்கள்.

அடுத்த நாள் அந்தப் பிள்ளையின் தாய் ஒரு பழைய நீலச் சேலையைக் கொடுத்தனுப்பினார். அதைச் சுவரில் ஆறாக ஓட விட்டோம். மேலே மஸ்கெலியா, கீழே காக்கைதீவு, வழியெல்லாம் பிள்ளைகள் எழுதி ஒட்டிய கடுதாசிகள்.

வாசிப்பு, எழுத்து, அளவீடு, புவியியல், விஞ்ஞானம், தன் குடும்பத்தின் வரலாறு எல்லாம் ஒரு சேலையில் கோர்த்திருந்தன. நீங்கள் வாங்கியிருக்கும் வினாத்தாள் கட்டை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினேன். அதில் நீர் பற்றிய பக்கத்தை எந்தப் பிள்ளையும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாயிடம் காட்டப்போவதில்லை. கட்டின் விலை ஒரு பிள்ளைக்கு 2,400 ரூபா என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். அந்தத் தாய் ஒரு அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்கிறார். இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று என்னிடம் கேட்டு நின்றார்.

“பிள்ளைகள் விளையாடுகிறார்கள், டீச்சர் விளையாட விடுகிறார்” என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அவருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

கற்பித்தலில் படைப்பு என்று நான் சொல்வது சுவரில் படம் ஒட்டுவதையோ பாட்டுப் பாடிக் கைதட்டுவதையோ அல்ல. ஒரு கணக்கை உதாரணமாக எடுக்கிறேன். 42இலிருந்து 17ஐக் கழி. இந்த ஆண்டுத் தொடக்கத்தில் என் வகுப்பில் 34 பேரில் பதினொரு பேர் 35 என்று எழுதினார்கள். வினாத்தாள் முறைப்படி பதினொரு சிவப்புப் புள்ளடி போட்டு, சரியான விடை 25 என்று பலகையில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போக வேண்டும். நான் அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு “எப்படிச் செய்தீங்க?” என்று கேட்டேன். எல்லோரும் ஒரே விதமாகச் செய்திருந்தார்கள். 2இலிருந்து 7ஐக் கழிக்க முடியாது, எனவே 7இலிருந்து 2ஐக் கழித்து 5. பிறகு 4இலிருந்து 1 போக 3. ஏனென்று கேட்டால், “பெரிசிலேருந்துதானே சின்னதைக் கழிக்கணும், டீச்சர்தானே சொன்னீங்க” என்றார்கள். இரண்டாம் தரத்தில் நாங்கள்தான் அப்படிச் சொல்லியிருக்கிறோம். அந்தப் பதினொரு பேரும் கவனக்குறைவாகச் செய்யவில்லை. எங்கள் சொல்லை நம்பி, ஒழுங்காக, அந்த வழியிலேயே நடந்து பிழையான இடத்துக்குப் போயிருக்கிறார்கள்.

அதற்காகத்தான் அந்த ஈர்க்குக் கட்டுகள். நான்கு கட்டும் இரண்டு தனி ஈர்க்கும் கையில் கொடுத்து, பதினேழை எனக்குத் தா என்றால், பிள்ளை இரண்டு ஈர்க்கைத் தந்துவிட்டுத் தடுமாறும். பிறகு தானே ஒரு கட்டைப் பிரிக்கும். பிரிக்கிற அந்தக் கணத்துக்காக ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். சொல்லிக் கொடுக்க நா துடிக்கும். சொல்லாமல் இருப்பதுதான் தொழில். ஒன்பது பேர் அன்றே பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கு ஒரு கிழமை எடுத்தது. அந்த இருவருக்கும் காசு வைத்து, நூறு ரூபாத் தாளை மாற்றி, வேறு வழியில் போக வேண்டியிருந்தது.

இதைப் புதிதாக நான் கண்டுபிடிக்கவில்லை. பாடம் சொல்லும் முறையை நன்னூல் தன் பாயிரத்திலேயே சொல்லி வைத்திருக்கிறது: “கொள்வோன் கொள்வகை அறிந்து அவன் உளங்கொள” நூலைக் கொடுக்க வேண்டும். கொள்கிறவன் எப்படிக் கொள்வானோ அதை அறிந்து, அவன் உள்ளம் கொள்ளும்படி. ஆசிரியர் ஆகத் தகாதவருக்கும் அதே பாயிரம் உவமை தருகிறது. அவற்றில் ஒன்று கழற்குடம். கழற்காய்களை ஒவ்வொன்றாகப் போட்டு நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால், போட்ட ஒழுங்கு கெட்டு எல்லாம் கலந்து ஒன்றாகக் கொட்டும். நாற்பது வினாவைக் கலந்துகட்டிப் பத்து வயதுப் பிள்ளையின் முன் நாள்தோறும் கவிழ்க்கச் சொல்கிற தீர்மானத்தைப் படித்தபோது எனக்கு அந்தக் குடம்தான் நினைவுக்கு வந்தது. மூன்று பிரிவும் ஒரே நாளில் ஒரே பக்கம் என்ற விதியில் கொள்வோன் எங்கே இருக்கிறான்? என் வகுப்பின் பதினொரு பேர் பக்கத்து வகுப்பில் இல்லை. பக்கத்து வகுப்புக்கு வேறு சிக்கல் இருக்கிறது. அந்த ஆசிரியை அதை அறிவார்.

இன்னொரு பிள்ளையைப் பற்றியும் நீங்கள் அறிய வேண்டும். அவனுடைய தந்தை புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் நாட்டாமையாக மூடை சுமக்கும் வேலை செய்கிறார். சனிக்கிழமைகளில் அவனும் கூடப் போவான். கணித வினாத்தாளில் அவனுக்கு ஒற்றை இலக்கத்தில்தான் புள்ளி. மூன்று இலக்க எண்ணை எழுதச் சொன்னால் இடம் மாற்றி எழுதுவான். ஒருநாள் பெருக்கல் செய்துகொண்டிருந்தபோது அவன் மேசையின் ஓரத்தில் நான்கு நேர்கோடும் குறுக்கே ஒரு கோடுமாகக் கீறிக்கொண்டிருந்ததைக் கண்டேன். என்னவென்று கேட்டேன். மூடை எண்ணுகிற கணக்கு என்றான். அன்றைய பாடத்தை அப்படியே வைத்துவிட்டு அவனைப் பலகைக்குக் கூப்பிட்டேன். சீனி மூடை ஐம்பது கிலோ, லொறியில் இருபத்தேழு மூடை, மொத்தம் எவ்வளவு? பென்சிலைத் தொடாமலே சொன்னான். “ரெண்டு மூடை நூறு. பதிமூணு நூறு வரும். மிச்சம் ஒரு மூடை. ஆயிரத்து முந்நூத்தி அம்பது.”

வகுப்பு அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அந்த வாரம் முழுக்க அவன்தான் வகுப்புக்கு ஐம்பதால் பெருக்கச் சொல்லிக் கொடுத்தான். அவன் வாயால் சொன்னதை எண்ணாக எழுத நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது மூன்று இலக்கம் இடம் மாறுவதில்லை. புலமைப்பரிசில் பெறத் தேவையான வெட்டுப்புள்ளியை அவன் தாண்டுவானா என்று கேட்டால், தாண்டமாட்டான் என்றுதான் நினைக்கிறேன். அதனால் அவனுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

வினாத்தாள் முறையை நான் அறியாமல் பேசுவதாகவும் சிலர் நினைக்கலாம். அறிவேன். 2016இல் நானே அதைத்தான் செய்தேன். அப்போதைய பெற்றோரின் அழுத்தம், பக்கத்துப் பாடசாலையின் பெறுபேறு, எனக்கும் பெயர் வரவேண்டும் என்ற ஆசை எல்லாம் சேர்ந்திருந்தன. மேசையில் ஒரு மணிக்கூட்டை வைத்து, வாரத்துக்கு ஐந்து தாள் செய்வித்தேன். கதை வாசிப்பதை நிறுத்தினேன். பாட்டு நின்றது. ஏழு பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினார்கள். முந்திய ஆண்டு, அப்படி எதுவும் செய்யாமல், ஆறு பேர். அந்த ஒருவருக்காக மற்ற எல்லோரிடமிருந்தும் ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டேன். பரீட்சை நாள் காலையில் ஒரு பிள்ளை வாசலில் வாந்தி எடுத்தாள். முகம் கழுவித் துடைத்து உள்ளே அனுப்பினேன். அவளும் தாண்டியவர்களில் ஒருத்தி.

போன வருடம் அவளைக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் கண்டேன். உயர்தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பாசத்தோடுதான் பேசினாள். என் வகுப்பில் படித்ததில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அந்த மணிக்கூடு ஞாபகம் இருக்கு டீச்சர்” என்றாள். இருபத்திரண்டு வருடச் சேவையில் எனக்குக் கிடைத்த மிகக் கடுமையான மதிப்பீட்டறிக்கை அது. எந்த அதிகாரியும் என்னைப் பற்றி அப்படி எழுதியதில்லை. நீங்கள் இப்போது முழுத் தரத்துக்கும் அந்த மணிக்கூட்டை வைக்கச் சொல்கிறீர்கள்.

பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. உதவித்தொகைக்காக யாரும் பிள்ளையை வாட்டுவதில்லை. ஒரு பெரிய பாடசாலையின் கதவு அந்த ஒரு காலையில்தான் எங்கள் பிள்ளைகளுக்குத் திறக்கும் என்பதுதான் பயம். பரம்பரை, பழைய மாணவர் சங்கம், வதிவிடப் பத்திரம் எதுவும் இல்லாதவர்களுக்கு வேறு கதவில்லை. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த 1940களில், மத்திய கல்லூரிகளோடு சேர்ந்து வந்தது இந்தப் புலமைப்பரிசில். வசதியில்லாத வீட்டின் கெட்டிக்காரப் பிள்ளையைக் கைதூக்கிவிடுவது அதன் நோக்கம். 1945இல் இலவசக் கல்வி வந்த அதே காலத்தின் கருணையுள்ள யோசனை அது. இன்று ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் இரண்டேகால் மணித்தியாலத்துக்குள் நெருக்கியடிக்கிற இடமாக அது மாறிவிட்டது. 2024 செப்டெம்பரில் முதலாம் தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியானதாக எழுந்த பிரச்சினை, உயர் நீதிமன்றம் வரை போய், அந்த மூன்றுக்கும் எல்லோருக்கும் புள்ளி வழங்குவதில் முடிந்தது. பத்து வயதுக் குழந்தைகளின் வினாத்தாள் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. பரீட்சையைச் சீர்செய்வது உங்கள் கையிலோ என் கையிலோ இல்லை. அதற்காக எங்கள் வகுப்பறைகளையும் அதற்குள் தள்ள வேண்டுமா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

பரீட்சைக்குத் தயார்படுத்த வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. ஐந்தாம் தரத்தின் இரண்டாம் தவணையில் வாரம் ஒரு தாள் செய்விக்கிறேன். விடை எழுதும் தாளைப் பழக்குகிறேன், நேரத்தைப் பங்கிடச் சொல்லிக் கொடுக்கிறேன். அதற்கு அது போதும். நான்காம் தரத்துப் பிள்ளைக்கு, ஒன்பது வயதில், அதற்கும் அவசியமில்லை. 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை மூன்றும் கலந்துதான் பாடம் நடக்க வேண்டும் என்று வகுத்தது. எங்களைக் கல்வியியற் கல்லூரியில் அப்படித்தான் பயிற்றினார்கள். அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளை ஒவ்வொரு பிள்ளையும் அடைந்ததா என்று பார்ப்பது எங்கள் கடமை. ஒரே கட்டு, ஒரே பக்கம் என்றால் அந்தக் கடமையை நாங்கள் எப்படிச் செய்வது?

இந்த ஆண்டு எங்களுக்கு ஒரு நடன ஆசிரியை வந்தார். முதல் நியமனம். தீர்மானம் வாசிக்கப்பட்ட மறுநாள் ஆசிரியர் அறையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “மிஸ், அப்ப என்ர பாடவேளைல நான் என்ன செய்யிறது?” என்று கேட்டார். வினாத்தாள் கொடுத்து மேற்பார்வை செய்யுங்கள் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் கால்களுக்குத் தாளம் சொல்லித்தர வந்தவர். அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இடமாற்ற விண்ணப்பம் எப்படி நிரப்புவது என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார். நல்ல ஆசிரியர்கள் கொழும்பு வடக்கில் நிற்பதில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நாம் கவலைப்படுகிறோம். அவர்கள் எப்படிப் போகிறார்கள் என்பதை நான் கண்ணால் கண்டுகொண்டிருக்கிறேன்.

வாசலில் தொங்கும் பதாகையைப் பற்றி. போன வருடம் தாண்டிய ஐந்து பேரின் படங்களோடு, ஆறு அடி அகலத்தில், இன்னும் தொங்குகிறது. அந்த ஐந்து பேரும் வேறு பாடசாலைகளுக்குப் போய்விட்டார்கள். தாண்டாத இருபத்தொன்பது பேர் இங்கேயே ஆறாம் தரத்தில் இருக்கிறார்கள். தினமும் காலையில் அதன் கீழால்தான் உள்ளே வருகிறார்கள். அதில் ஒரு பையன், ஐந்தாம் தரத்தில் எங்கள் நாடகத்தையெல்லாம் எழுதியவன், இப்போது பக்கத்து ஒழுங்கையால் சுற்றிப் பின்கதவால் வருகிறான். ஏன் என்று கேட்டேன். “சும்மா டீச்சர்” என்றான். பத்து வயதில் ஒரு பிள்ளையைத் தன் பாடசாலை வாசலைத் தவிர்க்க வைத்திருக்கிறோம்.

என் கோரிக்கைகளை வெளிப்படையாக வைக்கிறேன்.

நான்காம், ஐந்தாம் தரங்களின் சித்திரம், சங்கீதம், நடனம், நூலகப் பாடவேளைகளை நேரசூசியில் இருந்தபடியே விடுங்கள். இதில் பாதி விட்டுக்கொடுப்புக்கு நான் சம்மதிக்கமாட்டேன். வாரத்துக்கு ஒன்றையாவது விட்டுவைக்கலாமே என்று ஒரு உறுப்பினர் தனியாகச் சொன்னார். அவருடைய நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பாடவேளைகள் பிள்ளைகளுக்கு உரியவை. நாம் அவர்களுக்குப் போடுகிற சலுகை அல்ல.

ஒரே நாள், ஒரே பக்கம் என்ற விதியை நீக்குங்கள். எந்தத் தேர்ச்சியை எந்த வாரத்துக்குள் முடிப்பது என்று மூன்று வகுப்பாசிரியர்களும் சேர்ந்து திட்டம் தருகிறோம். அந்தத் திட்டத்தை அதிபர் அவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பரிசோதிக்கலாம். என் வகுப்புக் கதவு திறந்தே இருக்கும். செயற்குழு உறுப்பினர்களும் வந்து பின்வரிசையில் ஒரு முழு நாள் இருந்து பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன். தீர்மானம் எடுத்தவர்களில் ஒருவரும் இதுவரை அப்படி இருந்து பார்த்ததில்லை.

வினாத்தாள் கட்டுக்குப் பணம் கட்ட முடியாத பெற்றோரிடம் அதைக் கேட்பதை இன்றே நிறுத்துங்கள். கட்டியவர்கள் விரும்பினால் திருப்பிக் கொடுங்கள். அந்தப் பணத்தில் பாதி இருந்தால் நூலகத்துக்கு இந்த வருடம் தமிழில் வந்த சிறுவர் புத்தகங்களை வாங்கலாம். கடைசியாகப் புத்தகம் வாங்கியது எப்போது என்று நூலகப் பதிவேட்டைப் பாருங்கள்.

பதாகையை இறக்குங்கள். இனி எந்த ஆண்டும் தொங்கவிடுவதில்லை என்று அறிக்கையில் எழுதுங்கள். தாண்டிய பிள்ளைகளைக் காலைக் கூட்டத்தில் பாராட்டுவோம், மற்ற எல்லோரையும் அந்த ஆண்டில் அவர்கள் செய்த ஒன்றுக்காகப் பாராட்டுவோம். அந்த ஒன்று எது என்று எழுதித் தருவது வகுப்பாசிரியர்கள் எங்கள் வேலை. முப்பத்திநான்கு பேருக்கும் என்னால் எழுதித் தர முடியும்.

கடந்த மாதக் கூட்ட அறிக்கையைத் திருத்தி, தீர்மானங்களுக்கு எதிர்ப்பு இருந்தது என்பதைப் பதிவு செய்யுங்கள். தவணை தொடங்குவதற்கு முன் விசேட பொதுக் கூட்டம் ஒன்றைக் கூட்டி, பெற்றோர் எல்லோரையும் அழைத்து, இந்த மூன்று தீர்மானங்களையும் மீண்டும் வாக்குக்கு விடுங்கள். பகலில் வேலைக்குப் போகிற தாய்மாரும் வரக்கூடியதாக அது ஞாயிற்றுக்கிழமையில் இருக்கட்டும்.

கடைசியாக அந்த அறை. மேலதிக வகுப்புக்கு மண்டபத்தின் மேடைப் பக்கம் மாலை முழுவதும் சும்மா இருக்கிறது. விறாந்தையில் கிடந்தவற்றை நானும் பிள்ளைகளும் பெட்டிகளில் போட்டு வகுப்பின் மூலையில் வைத்திருக்கிறோம். மூன்று புத்தகங்களைக் காணவில்லை. சேலையை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு தடவை தோய்த்துக் காயவைத்துவிட்டேன். கறை முழுதாகப் போகவில்லை, மஸ்கெலியாப் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. புதிய பூட்டின் சாவி காரியாலயத்தில் இருப்பதாகக் காவலாளி சொன்னார். வருகிற திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து கேட்பேன். தாருங்கள்.

ஐந்தாம் தர வகுப்பாசிரியை,
கொழும்பு வடக்கு